உன் கடைவாய்ப் பல்லின் படம்

பீரோவிலிருந்து உன் இளம்பிள்ளைத் தறிப் புடவைகளை எடுத்தபோது, அடியிலிருந்த எக்ஸ்ரே வழுக்கிக் கீழே விழுந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உன் கீழ்த்தாடை. கடைவாய்ப் பல்லின் வேரோடு ஒட்டி, கோலிக்குண்டு போல வெள்ளையாக ஒரு கட்டி. அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு.

அப்போது நமக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம், உனக்கு இருபத்தெட்டு வயது. கன்னம் வீங்கி, சோற்றைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாய். நாமக்கல் டாக்டர் பல்லில் ஐஸ் வைத்துப் பார்த்தார். கூசியது.

"பல்லு உசுரோடதாங்க இருக்குது. இது வேர்லயே வளர்ற கட்டி, அபூர்வமா வரும். புற்றுநோய் மாதிரி தெரியலைங்க, டெஸ்டுக்கு அனுப்பி உறுதி பண்ணிக்கலாம். ஆனா பல்லோட சேர்த்து எடுத்தரோணும். மிச்சம் வெச்சா மறுபடி வளரும்."

நான் விடுவேனா? ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டியின் இன்ஜினை யாரும் சொல்லித்தராமல் தானாகப் பிரித்துக் கற்றவன். "உசுரோட இருக்கற பல்லை எதுக்குங்க புடுங்கோணும்?" என்று சண்டை போட்டு, உன்னைச் சேலத்தில் வேறொருவரிடம் கூட்டிப்போனேன். அவரும் எடுப்பதே நல்லது என்றார். நான் பிடிவாதம் பிடித்ததால் வேர் நுனியை வெட்டி, கட்டியைச் சுரண்டி, பல்லை விட்டுவைத்தார்.

திரும்பும் பஸ்ஸில், "பாத்தியா, பல்லைக் காப்பாத்திட்டேன்" என்றேன்.

"ஆமாங்க. உங்க பல்லுதான். நான் சும்மா வாயில வெச்சிருக்கறேன்."

ஒன்றரை வருஷம் கழித்து, நீ முறுக்கை மோரில் ஊறப்போடுவதைப் பார்த்தேன். வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறு மறுபடியும் புடைத்திருந்தது.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமாச்சுங்க."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்க மூஞ்சி போற போக்கை நாந்தான பார்க்கோணும்."

நாமக்கல் டாக்டரிடமே போனோம். அவர் பழையதைப் பேசவில்லை. பல்லையும் கட்டியையும் ஒன்றாக எடுத்தார். டெஸ்டிலும் கெடுதல் இல்லை என்றே வந்தது. பஞ்சைக் கடித்தபடி நீ என்னைப் பார்த்தாய். நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை. "சேலத்துக்காரரு சரியாச் சுரண்டலை" என்றேன்.

நீ மறைத்தது தப்பு என்றுதான் இன்றும் சொல்வேன். போன மாசியில் நெஞ்சுவலியையும் அப்படித்தான் மறைத்தாய். மூன்று நாளாக வலிக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம், "வாயுவுங்க" என்றாய். நான்காம் நாள் நீ இல்லை.

உன்னை அப்படிப் பழக்கியது யார் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டாலும் சண்டைதான் போடுவேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: நாமக்கல் டாக்டர் முதலில் சொன்னதுதான் சரி.

என் பற்கள் எல்லாம் கெட்டியாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் முறுக்கை மோரில் ஊறப்போட்டே தின்கிறேன்.