ஜெபப் பட்டியலில் நான்காவது பெயர்

பிப்ரவரி 21, வெள்ளி

ஞாயிறு புல்லட்டினை அடித்து முடித்தேன். பதினொரு வருஷமாக வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதுதான் என் வேலை. பாட்டு எண்கள், அறிவிப்புகள், கடைசிப் பக்கத்தில் ஜெபக் குறிப்புகள். குறிப்புகளை அம்மா போனில் சொல்லுவாள், மாதர் சங்கத் தலைவி ஆயிற்றே. நோயாளிகள், வேலை தேடுவோர், பரீட்சை எழுதும் பிள்ளைகள். அப்புறம் 'திருமண வரனுக்காக'. அதில் நான்காவது பெயர்: கத்தரின், நவமணி அம்மாவின் மகள்.

நான்தான். எனக்கு மாப்பிள்ளை கிடைக்க ஜெபியுங்கள் என்று என் கையாலேயே வாராவாரம் அடித்திருக்கிறேன். உலகத்தில் வேறு எவளாவது இப்படி ஒரு கூத்து பண்ணியிருப்பாளா?

ஷெரில் குளித்துவிட்டு வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "உன் பேர மட்டும் கொஞ்சம் பெருசா போடு லா. முப்பத்தொம்போது வயசாச்சு, இன்னும் ஆண்டவரு கண்ணுல படல" என்றாள். சிரித்தேன். அவள் சமையலறைக்குப் போனதும் அழுகை வந்துவிட்டது. சிலிபினில் இந்த வீட்டில் நாங்கள் ஒன்றாக இருந்து ஆறு வருஷம். சபைக்கு அவள் இன்னும் என் 'ரூம்மேட்'.

நான்காவது பெயரை அழித்தேன். ஐந்தாவது பெயர் மேலே ஏறிக்கொண்டது. நூற்றிருபது பிரதி.

பிப்ரவரி 23, ஞாயிறு

பாட்டு எண்ணைத் தப்பாக அடித்தால் ஒருத்தர் கண்ணிலும் படாது. இது மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டிருக்கிறது!

எங்கள் சபையில் பட்டியலிலிருந்து ஒரு பெயர் போனால் இரண்டே காரணம்தான். ஆள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஜெபம் கேட்கப்பட்டுப் பலன் கிடைத்திருக்க வேண்டும். நான் மூன்றாவது பெஞ்சில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன். ஆகவே இரண்டாவது காரணம்.

ஆராதனை முடிந்ததும் சரளா அக்கா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். சபையில் பாதிக் கல்யாணம் அவர் பேசி முடித்ததுதான். "அடி கள்ளி! வரன் அமைஞ்சிருச்சின்னு ஒரு வார்த்த சொன்னியா? எப்ப முன்னால வந்து சாட்சி சொல்லப்போற?"

அதுதான் வழக்கம். ஜெபம் கேட்கப்பட்டவர் சாட்சி சொல்வார். பெயர் நன்றி சொல்லும் 'ஸ்தோத்திரப் பகுதி'க்கு மாறும். பாஸ்டர் ஒவ்வொரு வரியாக வாசிப்பார், வரிக்கு வரி சபை "ஸ்தோத்திரம்" என்று சொல்லும்.

"இன்னும் ஒண்ணும் முடிவாகல அக்கா" என்று பல்லைக் காட்டினேன். முடிவாகலையா? பொய்க்காரி.

எதிர்க் கடையில் ஷெரில் ரொட்டி சானாயோடு காத்திருந்தாள். ஆறு வருஷமாக என்னைச் சபை வாசலில் இறக்கிவிட்டு அங்கேதான் உட்காருகிறாள். உள்ளே வா என்று நானும் ஒரு நாள் கூப்பிட்டதில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

அம்மா போன். கண் மங்கல் என்று நேற்று சபைக்கு வரவில்லை, அதற்குள் சரளா அக்கா செய்தி சொல்லியாகிவிட்டது. அம்மா குரலில் இவ்வளவு சந்தோஷத்தை நான் கேட்டு எத்தனை வருஷம் இருக்கும்? "எந்த ஊர்ப் பையனா இருந்தாலும் பரவால்லடி" என்கிறாள். சனிக்கிழமை வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 1, சனி

போகவில்லை. பேக்டரியில் ஓவர்டைம் என்றேன். ஓவர்டைமும் இல்லை, ஒன்றும் இல்லை.

மார்ச் 8, சனி

சொல்லிவிட்டேன்.

அம்மா முப்பது வருஷம் பால் மரம் வெட்டிய ரப்பர் எஸ்டேட்டை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில்தான் அவள் வீடு. போனதும் கோப்பி, வாழைப்பழம் பொரித்த பிசாங் கோரேங், புதுத் தட்டு. மாப்பிள்ளை போட்டோ கொண்டுவருவேன் என்று நினைத்திருக்கிறாள்.

"பையன் யாரும் இல்லம்மா. ஷெரில்தான்."

"ஷெரிலுக்கும் வரன் வந்திருக்கா?"

அப்படியே எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடவில்லை. ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். ஆறு வருஷமாக என்று சொன்னேன். அதற்கு முன்னாலும் நான் இப்படித்தான் என்று சொன்னேன். அம்மா பிசாங் தட்டை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"தெனமும் முழங்கால்ல நின்னேனேடி."

எழுந்து பையை எடுத்தேன். கடைசியில் வாசல்வரை வந்தாள். "அடுத்த வாரம் பேரத் திரும்பப் போட்டுரு. யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம். நானும் ஒண்ணும் கேக்கல, நீயும் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

மார்ச் 14, வெள்ளி

அம்மா போன் வரவில்லை. ஜெபக் குறிப்புகள் சரளா அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் வந்தன.

என் பெயரை அடித்தேன். அழித்தேன். அடித்தேன். ஒரே ஒரு வரிதானே, போட்டுத் தொலைத்தால் என்ன? அம்மா பேசுவாள். சபையில் பழையபடி தலைநிமிர்ந்து போகலாம்.

ஆனால் பாஸ்டர் அதை ஆண்டவர் சந்நிதியில் வாசிப்பார். நூறு பேர் கண்ணை மூடி எனக்காக ஒன்றைக் கேட்பார்கள், எனக்கு அது வேண்டாம் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு வருஷமும் அவர்களை ஏமாற்றியது போதும்.

இன்னொன்றும் தோன்றுகிறது. 'கத்தரினுக்கு ஒரு நல்ல துணையைத் தாரும்' என்றுதானே அம்மா கேட்டாள்? ஆறு வருஷத்துக்கு முன்பே அந்த ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்றால்?

அழித்தேன். பிரிண்ட் போட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

பாஸ்டர் தேவன் ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். கதை அவர் காதுக்குப் போய்விட்டது, எப்படி என்று தெரியவில்லை. அம்மா வாய் திறந்திருக்க மாட்டாள். ஆறு வருஷமாக எதிர்க் கடையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன, கண் அவிந்தா போச்சு?

"நான் படிச்சத மாத்திச் சொல்ல முடியாது கத்தரின்" என்றார்.

"சரி பாஸ்டர்."

"அதுக்காக, பொய்யா ஒன் பேர லிஸ்ட்ல போடுன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கமிட்டில ரெண்டு பேரு புல்லட்டின வேற ஆளுகிட்ட குடுக்கணும்ங்கறாங்க. நான் வேணாம்னுட்டேன். நீயே பண்ணு. எனக்காக ஜெபம் பண்ணு, நானும் படிச்சிப் பாக்குறேன்."

சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தேன். அம்மா வேறு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை.

மார்ச் 28, வெள்ளி

சரளா அக்கா குறிப்புகள் அனுப்பினார். கீழே ஒரு கும்பிடு பொம்மை மட்டும். 'கள்ளி' இல்லை.

ஏப்ரல் 5, சனி

லெந்து காலம், நாற்பது நாள் தபசு. பதினாறு வயதிலிருந்து ஒளிந்து ஒளிந்து படித்துப் பயந்த ரோமர் முதல் அதிகாரத்தை இன்று மேசைமேல் விரித்துவைத்துச் சத்தமாகப் படித்தேன். அவர்கள் கடவுளை விட்டு விலகினார்கள், இருந்ததை விட்டு வேறொன்றுக்கு மாறினார்கள் என்று வருகிறது. நான் எதை விட்டு மாறினேன்? ஒரு நாளாவது ஆண்டவரைவிட்டு விலகியிருக்கிறேனா? இத்தனை பயத்திலும் அவர் காலைத்தானே பிடித்துக்கொண்டு கிடந்தேன்! பவுல் யாரைச் சொன்னாரோ எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த என்னைச் சொல்லவில்லை என்று முதல்முறையாகத் தோன்றியது. அடுத்த அதிகாரத்தையும் படித்தேன். மற்றவர்களைத் தீர்ப்பு சொல்கிறவனுக்கு அங்கே நல்ல சாத்துப்படி இருக்கிறது. இதைப் பிரசங்கத்தில் யாரும் சேர்த்துச் சொன்னதாக ஞாபகமில்லை.

பேக்டரியில் கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டுப் பார்ப்பது என் வேலை. ஓட்டை இருந்தால் தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும். என் வாழ்க்கையையும் அப்படி ஒருமுறை பார்த்தேன். ஷெரில் வந்தபிறகு என் கோபம் குறைந்திருக்கிறது. ஜெபம் கூடியிருக்கிறது. ஒழுகுகிற இடம் ஒன்று இருந்தது. அது நான் சொன்ன பொய்கள்.

பயம் முழுக்கப் போய்விட்டதா? இல்லை. ஆனால் நன்றாகப் பசித்தது. ரெண்டு தட்டு சோறு.

மே 9, வெள்ளி

அம்மாவே போன் பண்ணினாள். இரண்டு மாதம் கழித்து! செவ்வாய்க்கிழமை கண் ஆபரேஷன். தம்பி ஜோகூரிலிருந்து வர முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு நாலு வேளை மருந்து விட ஆள் வேண்டும். எனக்குப் பகல் ஷிப்ட், லீவு இல்லை.

"நான் லீவு போடுறேன்" என்றாள் ஷெரில். தஞ்சோங் மாலிம் கார் பேக்டரியில் பெயிண்ட் வேலை பார்த்தவள், இப்போது ஜெலாப்பாங்கில் ஒரு பட்டறையில் இருக்கிறாள். "கார் கண்ணாடியில ஒரு சொட்டு பெயிண்ட் படாம அடிச்சவ நான். கண்ணுல ஒரு சொட்டு விடத் தெரியாதா?"

ஷெரில் பார்த்துக்கொள்வாள் என்றேன். அம்மா மருந்து வேளைகளை மறுபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு, "சரி" என்றாள்.

மே 13, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. அம்மா எங்கள் வீட்டில். ஷெரிலோடு ஒரு வார்த்தை இல்லை.

வேதத்தைத் தினம் ஒரு அதிகாரம், வரிசையாக, ஒன்றைக்கூடத் தாண்டாமல் படிக்கிறவள் அம்மா. இப்போது படிக்க முடியாது என்பதால் என்னைப் படிக்கச் சொன்னாள். ஏசாயா நாற்பத்தொன்பதில் இருந்தாள்.

மே 16, வெள்ளி

வேலை முடிந்து வந்தால் வாசல்வரை சத்தம். "கண்ண இறுக்காதீங்க லாம்மா!" "நீ கொடத்த கவுத்த மாதிரி ஊத்துனா இறுக்காம என்ன பண்ணுவாங்க!"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அம்மா அந்நியர்களோடு சண்டை போட மாட்டாள், மரியாதையாகக் கொன்றுவிடுவாள்.

மே 20, செவ்வாய்

இன்று ஏசாயா ஐம்பத்தாறு. நான் தேடி எடுக்கவில்லை. அம்மாவின் வரிசையில் அதுவாக வந்தது.

அண்ணகர்களைப் பற்றி, அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர்களைப் பற்றி வருகிறது. கல்யாணம், பிள்ளைகுட்டி எதுவும் அமையாதவர்கள், ஒரு காலத்தில் ஆலயத்துக்குள்ளேயே விடப்படாதவர்கள். அவர்களில் யாரும் தன்னைப் பட்டமரம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம் என்கிறார் ஆண்டவர். என்னைப் பற்றிக்கொண்டவர்களுக்கு என் வீட்டுக்குள்ளேயே இடம் தருவேன், மகன் மகள் என்பதைவிட மேலான பெயர் தருவேன் என்கிறார். அதோடு படிப்பதை நிறுத்திவிட்டேன். நான் அண்ணகன் இல்லை, தெரியும். ஆனால் வாசலில் நிறுத்தப்பட்டவர்களைப் பற்றி அவர் இப்படிப் பேசுகிறவர் என்று தெரிந்துவிட்டதே.

அம்மா கண்ணில் பிளாஸ்டிக் மூடியோடு படுத்திருந்தாள்.

"எஸ்டேட்டுல பால் நின்ன ரப்பர் மரத்துல, வேல வாங்குற மண்டோர் வெள்ளப் பெயிண்ட் அடிச்சிட்டுப் போயிருவான். அப்புறம் அதுல யாரும் பால் புடிக்க மங்கு கட்ட மாட்டாங்க" என்றாள். தலையணையைச் சரிசெய்துகொண்டு, "ஆனா அது செத்த மரம் இல்லடி. எல நல்லா இருக்கும். நான் அதுக்குக் கீழதான் ஒக்காந்து பசியாறுவேன்."

ஷெரில் மருந்து பாட்டிலோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரலாமா என்று தெரியாமல்.

"என்னா நிக்கிற? மணியாச்சில்ல, வந்து ஊத்து" என்றாள் அம்மா. ஊற்றி முடித்ததும் என் பக்கம் திரும்பி, "எனக்கு இன்னும் மனசு ஆறல. சம்மதம்னு நெனச்சுக்காத" என்றாள்.

"நெனைக்கலம்மா."

"நாளைக்கு அம்பத்தேழு."

ஜூன் 6, வெள்ளி

அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வாரம். இன்று பழையபடி சாயங்காலம் போன்.

"எழுதிக்க. சரளா மகன் வேலைக்காக." எழுதினேன். இரண்டு நோயாளிகள். எழுதினேன். "இப்ப ஸ்தோத்திரப் பகுதி. நவமணியின் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுக்காக." எழுதினேன். "அடுத்த வரி. அவளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட மகள்கள் கத்தரின், ஷெரில் குடும்பத்துக்காக."

கை நின்றுவிட்டது. "மகள்கள்னே போடவாம்மா? குடும்பம்னா?"

"பின்ன ரூம்மேட்டுன்னா போடுவ? சொன்னத எழுதுடி."

ஷெரிலிடம் காட்டினேன். ஒரு கிண்டலும் வரவில்லை அவளுக்கு. போய்க் குழாயைத் திறந்து, கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 8, ஞாயிறு

அம்மாவுக்குப் படி ஏற இன்னும் பிடிமானம் வேண்டும். நான் புல்லட்டின் கட்டோடு உள்ளே இருந்தேன். ஆகவே ஷெரில்தான் பிடித்துக்கொண்டு ஏறினாள். வாசலில் விட்டுவிட்டுத் திரும்பப் பார்த்திருக்கிறாள், அம்மா கையை விடவில்லை. மூன்றாவது பெஞ்ச். அம்மா நடுவில்.

சில தலைகள் திரும்பின. பாஸ்டர் பட்டியலை வாசித்தார். எங்கள் வரி வந்ததும் நிறுத்தினார். மைக்கில் அவர் மூச்சு கேட்டது. தாளிலிருந்து கண்ணை எடுத்து எங்கள் பெஞ்சைப் பார்த்தார். பிறகு வரியை முழுசாக வாசித்தார், ஒரு வார்த்தையும் விடாமல்.

முதலில் அம்மா குரல்தான் கேட்டது. அப்புறம் பின்னால் சரளா அக்கா. அதற்குப் பிறகு, ஒவ்வொரு வரிக்கும் சொல்கிற மாதிரியே, சபையும் சொன்னது.

"ஸ்தோத்திரம்."