அம்மாவிடமே கேட்கிற இடம்

சுரங்கத்துச் சைரன் ஊதினால் இன்னமும் வாசலைப் பார்க்க வைக்கிற என் அப்பாவுக்கு,

அம்மாவை ஓர் இல்லத்தில் சேர்த்திருக்கிறேன். இதை முதலில் சொல்லாமல் நலமா, சுகமா என்று இழுத்தால் உனக்குப் பிடிக்காது. மந்தாரக்குப்பத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. நாளைக்குத் தம்பி ஓசூரிலிருந்து வருகிறான், ஆம்புலன்ஸ் பேசிவிட்டு, அம்மாவை இல்லத்திலிருந்து தூக்கிக்கொண்டு போக. விடுவதா தடுப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது? உன்னிடம் எழுதியாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதுகு வலி என்றுதான் ஆரம்பித்தாள். குக்கரைத் தூக்க முடியவில்லை, பஸ் படி ஏற முடியவில்லை என்றாள். புதுச்சேரியில் ஸ்கேன் எடுத்தோம். எங்கோ உள்ளே முளைத்த புற்று முதுகெலும்பு வரைக்கும் வந்துவிட்டதாம். இனி குணப்படுத்த வழியில்லை, வலி தெரியாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர், என்னையும் தம்பியையும் மட்டும் உள்ளே கூப்பிட்டு.

வெளியே பெஞ்சில் இருந்த அம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். எலும்புத் தேய்மானம், ஒரு மாதம் பிசியோதெரபி எடுத்தால் சரியாகிவிடும் என்றான் தம்பி. நானும் பூம்பூம் மாடாகத் தலையாட்டினேன். நாங்கள் முன்னாடியே பேசி வைத்துக்கொண்டதெல்லாம் இல்லை. நோயாளியிடம் நோயைச் சொல்லக் கூடாது என்று நமக்கெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஆனாலும் எல்லா வீட்டிலும் அதுதான் நடக்கிறது. உனக்கு நுரையீரலில் கட்டி வந்தபோதும் சளி கட்டியிருக்கிறது என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நாள் வீட்டில் வைத்துப் பார்த்தேன். வலி வந்தால் அம்மா துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதாம். மெடிக்கலில் தந்த எந்த மாத்திரையும் அந்த வலியைத் தொடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு சமையல்கட்டில் நின்றபோது எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அப்புறம்தான், குணமாக்குவதற்கு இல்லாமல் கடைசிக் காலத்தில் வலியில்லாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே இடங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, தேட ஆரம்பித்தேன்.

என் புத்தி உனக்குத் தெரியும். நான் வேலை பார்க்கிற கான்ட்ராக்ட் கம்பெனி ஸ்டோர்ஸில் வந்து இறங்குகிற ஒவ்வொரு கன்வேயர் ரோலரையும் கையால் சுழற்றி, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவேன். சப்ளையர்கள் முகத்துக்கு நேரே மேடம் என்கிறார்கள், திரும்பினால் ராட்சசி. அந்த ராட்சசிதான் அம்மாவுக்கு இடம் பார்க்கப் போனாள்.

முதலில் தம்பி பார்த்து வைத்திருந்த இடம், புதுச்சேரியில். தரையில் முகம் தெரிந்தது. ஏசி, டிவி, சாப்பாட்டு மெனு என்று வரவேற்பில் இருந்த பெண் சரளமாக அடுக்கினாள். திடீரென்று வலி வந்தால் யார் வருவார்கள் என்று கேட்டேன், டாக்டர் போனில் கிடைப்பார் என்றாள். மருந்து கையிருப்பு இருக்குமா என்று கேட்டேன், மேனேஜரைத்தான் கேட்க வேண்டும் என்றாள். நான் வேண்டுமென்றே ஷிப்டு மாறுகிற நேரத்துக்குப் போயிருந்தேன். அடுத்த ஷிப்டு ரிலீவர் மேலே ஏறி வந்து, மிஷின் எந்த இடத்தில் முனகுகிறது என்று உன் வாயால் கேட்டுக்கொள்ளாமல் நீ சுரங்கத்தில் மண் வெட்டுகிற அந்தப் பக்கெட் வீல் மிஷினை விட்டு இறங்கியதே கிடையாதே. அதனாலேயே வீட்டுக்கு லேட்டாக வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாய். அங்கே பார்த்தால், அடுத்த நர்சுகள் வருவதற்கு முன்பே இவர்கள் பையை மாட்டிக்கொண்டு லிஃப்டுக்கு நின்றார்கள். எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டதாம்.

குறிஞ்சிப்பாடி ரோட்டில் இருக்கிற இந்த இடம் யாரோ சும்மா விட்டுக்கொடுத்த பழைய வீடு. கட்டில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. மின்விசிறி ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் கீழே படுக்கவே யோசிக்க வேண்டும். அம்மாவைச் சேர்க்கக் கூட்டிப்போன அன்று, நான் கட்டிலின் திருகுக் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே கலா என்கிற நர்சு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க என்று கேட்டாள். அவங்களுக்குச் சொல்லத் தெரியாது, நான் சொல்கிறேன் என்று ஆரம்பித்தேன்.

"நீங்க இருங்கக்கா. வலி அவங்களோடது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று நான் அம்மாவிடம் கேட்டதெல்லாம் அதட்டல்தான். அம்மா கொஞ்சம் யோசித்து, எட்டு என்றாள். ஒரு கேள்விக்கு அவள் யோசித்துப் பதில் சொல்லி நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. மார்ஃபின் மாத்திரை ஆரம்பித்தார்கள். வேளை தவறாமல் கொடுத்தார்கள், கொடுத்துவிட்டு மறுபடி மார்க் கேட்டார்கள், மலம் கட்டிக்கொள்ளுமே என்று அதற்கும் சேர்த்து மருந்து தந்தார்கள். துண்டு இப்போது தோளில்தான் கிடக்கிறது.

அப்புறம் தம்பி ஏன் தூக்கிக்கொண்டு போக வருகிறான் என்று கேட்பாய். அதற்கும் நான்தான் காரணம்.

போன திங்கட்கிழமை அங்கேயும் ஷிப்டு மாறுகிற நேரம் பார்த்துப் போனேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஒட்டுக்கேட்பது என்று சொன்னாலும் சரி. போகிற கலா, வருகிற பெண்ணுக்குக் கட்டில் கட்டிலாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மாவுடையது கடைசிக் கட்டில். அதைப் பற்றிச் சொல்ல மட்டும் வெளியே வராந்தாவுக்குக் கூட்டி வந்தாள்.

"வலி அடங்கியிருக்கு. ஆனா என்ன நோயின்னு வூட்ல சொல்லல. அவங்க கேக்க வந்து வந்து நிறுத்திக்கிறாங்க. கேட்டா பொய் சொல்லிடாத, டாக்டரம்மாவ கூப்புடு."

மிஷினில் முனகல் எங்கே என்று பார்க்கப் போன எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். நேராகக் கலாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன். எங்கள் வீட்டு விஷயத்தில் நீங்கள் யார் என்று கத்தினேன். நாங்களாகப் போய்ச் சொல்ல மாட்டோம், அவங்களே கேட்டால் மறைக்க மாட்டோம், சேர்க்கும்போதே உங்களிடம் சொன்னோமே என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். சொல்லியிருப்பார்கள். நான் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்திருப்பேன்.

அந்த ஆத்திரத்திலேயே தம்பிக்குப் போன் போட்டேன். அவன் ஒரேயடியாகக் குதித்தான். முதலிலிருந்தே அவனுக்கு மார்ஃபின் என்றால் போதை மருந்து, சீக்கிரம் அனுப்பி வைக்கிற மருந்து என்று நினைப்பு. இதுவும் சேர்ந்துகொண்டது. புதுச்சேரிக்காரர்களிடம் பேசிவிட்டானாம், அவர்கள் எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்களாம்.

"அம்மா நோயில சாவாதுக்கா, பயத்துலயே செத்துடும்" என்றான்.

வலியில்லாத இடத்தை விட்டுவிட்டு, பொய் சொல்லத் தயாராக இருக்கிற இடத்துக்கு அனுப்புவதா? அங்கே வலி வந்தால்? இங்கே உண்மை தெரிந்து அவள் உடைந்து போய்விட்டால்? நீ இருந்தால் என்ன சொல்வாய்? நாளைக்கு வண்டி வந்து நிற்கும். நான் கட்டிலருகே நிற்பேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மேலே இருப்பது வெள்ளிக்கிழமை எழுதியது. இன்றைக்கு ஞாயிறு.

நேற்றுக் காலை வண்டி வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் வராந்தாவில் நின்றார்கள். தம்பி அம்மாவிடம், இதைவிட நல்ல பிசியோதெரபி அங்கே இருக்கிறது, கிளம்பலாம் என்றான். சிரித்த முகமாகத்தான் சொன்னான், சட்டை முதுகில் நனைந்திருந்தது. அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு என்ன தைரியம் வந்ததோ, கலாவைக் கூப்பிட்டு, அம்மா ஏதாவது கேட்டாங்களா என்று கேட்டேன். தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான். கலா அம்மாவின் பக்கம் குனிந்து, "சொல்லட்டாம்மா?" என்றாள். அம்மா கண்ணை மூடித் திறந்தாள்.

வியாழக்கிழமையே கேட்டிருக்கிறாள், அப்பா. டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அம்மா கொஞ்ச நேரம் அழுதாளாம். பிறகு, இது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம், எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் தாங்க மாட்டார்கள் என்று கேட்டுக்கொண்டாளாம். நாங்களாகச் சொல்ல மாட்டோம், அவர்கள் கேட்டால் பொய்யும் சொல்ல மாட்டோம் என்று எனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி அம்மாவின் பக்கம் திரும்பினான். "தெரிஞ்சிக்கினேவா பிசியோதெரபி எப்பன்னு நேத்து எங்கிட்ட போன்ல கேட்ட?" என்றான்.

"நீ பாவம், அவ்ளோ கஷ்டப்பட்டுப் பொய் சொல்ற. நானும் கூட சேந்துக்கினேன்" என்றாள் அம்மா.

பிறகு எங்களை உட்காரச் சொன்னாள். உன்னைப் பற்றிப் பேசினாள். அவள் பேசியதை ஒரு வார்த்தை மாற்றாமல் உனக்குச் சொல்ல வேண்டும்.

"ஒங்கப்பாவுக்கும் தெரியும். திடீர்னு ஒரு நாளு எனக்கு பியூஸ் மாத்தறது எப்படி, மோட்டாருக்கு தண்ணி ஊத்தறது எப்படின்னு காட்டிக்கினு இருந்தாரு. சளி புடிச்சவன் எவனாவது பொண்டாட்டிக்கு பியூஸ் மாத்த சொல்லிக் குடுப்பானா? எனக்குத் தெரியும்னு அவருக்கும் தெரியும். ரெண்டு பேரும் வாயத் தொறக்கல. பயமா இருக்குதான்னு நான் ஒரு வார்த்த கேக்கல. எனக்குப் பயமா இருக்குன்னும் சொல்லல. சளி கொறஞ்சிதான்னு கேட்டுக்கேட்டே அனுப்பி வச்சிட்டேன். இங்க எங்கிட்ட கேக்கறாங்கடா. நான் எங்கயும் வர்ல."

தம்பி எழுந்து வெளியே போனான். வண்டிக்காரரோடு ஏதோ பேசினான். வண்டி திரும்பிப் போகிற சத்தம் கேட்டது. அவன் மட்டும் வெகு நேரம் வராந்தாவில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு ஆறுதல் சொல்லப் போக எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் அவனே உள்ளே வந்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, ரொம்ப மெதுவாக, பயமா இருக்காம்மா என்று கேட்டான்.

"இருக்குடா" என்றாள் அம்மா.

ஒண்ணும் ஆகாதும்மா என்று அவன் வாய் வரைக்கும் வந்ததை நான் பார்த்தேன். அதை அப்படியே முழுங்கினான். அவள் தலையைத் தடவிக்கொடுத்தான்.

இந்த இடத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறேன் என்று நினைக்காதே. மத்தியான ஷிப்டுப் பெண்ணுக்குக் கை முரட்டுக் கை, அவளோடு நேற்றுக்கூட ஒரு மூச்சு சண்டை போட்டேன். மின்விசிறிக்கு எலெக்ட்ரீஷியனை நானே அழைத்துப் போகப் போகிறேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டி நேற்று சாயங்காலம் போய்விட்டார். போகும்போது வலியில்லாமல்தான் போனார், கலா அவர் கையை விடவில்லை, நானே பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். திரை போடட்டுமா என்று அவளிடம் கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டாள்.

அதன் பிறகு என்னைக் கூப்பிட்டு, நீ அப்பாவுக்கு ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாயே, அதில் ஒன்று கேட்டு எழுது என்றாள். உனக்குப் பயமாக இருந்ததா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். எனக்குப் பதில் வராது என்று தெரியும். அவள் கொஞ்ச நாளில் அங்கே வந்து நேரிலேயே கேட்பாள். அப்போது மறைக்காமல் சொல், அப்பா.

அதுவரைக்கும் அவளிடம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். பயமாக இருக்கிறது என்று அவள் சொன்னால், எனக்கும்தான் அம்மா என்று சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

அம்மாவின் கட்டிலருகே இருந்து,
உன் பெரிய பொண்ணு
தமிழரசி