சூழலும் சுழலும்

பிப்ரவரி 3

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

ஆமாம், நானேதான்! உன் அண்ணன் எழுதித் தரவில்லை. முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். போனில் உன்னோடு பேசினால் வீடே சுற்றி நிற்கிறது. "மாமா, ஸ்பீக்கர்ல போடுங்க, நாங்களும் கேக்கணும்ல?" என்கிறாள் உன் அண்ணி. கடிதம் என்றால் நீயும் நானும் மட்டும்.

நேராகவே கேட்கிறேன். இங்கே எல்லாரும் இருக்கிறார்கள், பேசத்தான் யாரும் இல்லை. உன்னோடு வந்து இருந்துவிடட்டுமா? ஒரு மூலை போதும். டயர் கடையில் லாரிக்கு அடியிலேயே தூங்கியவன் நான்.

உன் ஆராய்ச்சி என்னவென்று எனக்குப் புரியும்படி எழுது. எழுத்தும் பெரிதாக இருக்கட்டும்.

உன் அப்பா

பிப்ரவரி 20

அன்புள்ள அப்பா,

தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதியிருக்கிறீர்கள். பார்த்ததும் அழுதுவிட்டேன்.

கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்தது ஒரு விண்மீன் திரள். மற்ற திரள்களின் நெரிசலில் மாட்டிய திரளின் வாயு மெல்ல மெல்ல உருவப்பட்டுவிடும். வாயு போனால் புது நட்சத்திரம் பிறக்காது, நீர்ச்சுழிபோல் வளைந்த அதன் சுழல் கைகளும் மங்கிவிடும். தனியாகக் கிடப்பவை பெரும்பாலும் சுழலாகவே நீடிக்கின்றன. சூழல்தான் சுழலைத் தீர்மானிக்கிறது. இதுதான் என் ஆராய்ச்சி.

நானும் தனியாகவே இருந்து பழகிவிட்டேன், அப்பா. இன்னொருவரோடு ஒரே வீட்டில் இருக்க இனி என்னால் முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். வர வேண்டாம்.

மகள்

மார்ச் 9

அன்பு மகளுக்கு,

'சுழல்தான் சுழலைத் தீர்மானிக்கிறது' என்று படித்துவிட்டு, இவ்வளவு படித்த பெண் ஒரே சொல்லை இரண்டு முறை எழுதிவிட்டாளே என்று சிரித்தேன். டீச்சரம்மாவிடம் காட்டினேன். "ஐயா, கண்ணாடியத் தொடைங்க. முதல்ல இருக்கறது சூ, நெடில்!" என்றார். அந்த வரியை மட்டும்தான் காட்டினேன். மீதியைக் கையால் மூடிக்கொண்டேன்.

கோபம் இல்லையம்மா. முன்பெல்லாம் உன் கடிதத்தை அண்ணன்தான் படித்துக் காட்டுவான். இதையும் அவன் படித்திருந்தால், "கொஞ்ச நாள் போகட்டும்ங்கறாப்பா" என்று பூசி மெழுகியிருப்பான். நானே எழுத்துக் கூட்டி, 'வர வேண்டாம்' வரைக்கும் படித்தேன். அதில் ஒரு பிழைகூட விடவில்லை.

"என்னப்பா எழுதியிருக்கா?" என்று கேட்டான். "வாங்க வாங்கன்னு கூப்பிடறாடா. நான்தான் மாட்டேன்னுட்டேன்" என்றேன்.

கேட்டால் நீயும் அப்படியே சொல்.

உன் அப்பா