நீங்கள் நீட்டித் தந்த பெடல்

அன்புள்ள நானா,

இன்று காலை பக்கத்துத் தோட்டத்துக் கார் ஒன்று எங்கள் ஏற்றத்தில் முக்கி முனகி ஏறிப் போனது. அது போன பிறகும் கருகிய தோலின் நாற்றம் பாதையிலேயே நின்றது. கிளட்சில் சுற்றியிருக்கும் தோல் வழுக்கித் தீய்கிறது என்று உடனே தெரிந்தது. அந்த டிரைவரைக் கண்டால் பதுளைக்குப் போய் மெக்கானிக் நானாவிடம் காட்டச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. இருந்தும் நினைப்பு முதலில் உங்கள் பட்டறைக்குத்தான் போகிறது.

நான் ஓட்டும் எங்கள் தோட்டத்துத் துரையின் காரும் ஒரு காலத்தில் இதே நாற்றத்தோடுதான் நமுனுகுல மலைப்பாதையில் ஏறியது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, நீண்ட மூக்குள்ள பந்தயக் கார். இஞ்சினுக்கு இருந்த வலு கிளட்சுக்கு இல்லை. ஏற்றத்தில் இஞ்சின் கத்தும், சக்கரம் சும்மா கிடக்கும். நீங்கள் ஆமணக்கெண்ணெய் தடவிப் பார்த்தீர்கள், இரண்டு முறை புதுத் தோலும் சுற்றிக் கொடுத்தீர்கள். கடைசியில் துரையே சீமையிலிருந்து புது கிளட்ச் வரவழைத்தார். தோலே இல்லாமல், உருக்குத் தகடுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கும் வகை. பதுளைக்கு ரயில் வந்த புதிது. மரப்பெட்டியை ஸ்டேஷனிலிருந்து நாம் இருவரும் கைவண்டியில் தள்ளி வந்தோம். கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது.

பூட்டி முடித்ததும் என்னை ஏறி உட்காரச் சொன்னீர்கள். கிளட்சை மிதித்தேன். பெடல் பாதிக்கு மேல் இறங்கவில்லை. தகடுகளை அழுத்தும் ஸ்பிரிங்குகள் அவ்வளவு கடினம். சின்ன வயதுக் காய்ச்சலில் சூம்பிப்போன என் இடது கால் நடுங்கியது. பழைய கிளட்சுக்கு அந்தக் கால் போதுமாக இருந்தது. துரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மிதிக்க முடியலேன்னா வேற டிரைவர்தான் பார்க்கணும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு கிளப்புக்கு நடந்தார்.

நானா, அப்போது எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். கார் வேலை போனால் நான் திரும்பவும் விடியற்காலைப் பெரட்டில், கூலிக்குப் பேர் பதியும் வரிசையில், போய் நிற்க வேண்டும். இந்தக் காலோடு மலையில் என்ன வேலை செய்ய முடியும்? கங்காணி அரைப் பேர்தான் போடுவார், அரை நாள் கூலிதான் கிடைக்கும். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு ஸ்பிரிங்கைக் கழட்டிடுங்க நானா. தொரைக்குத் தெரியவா போகுது."

நீங்கள் கையை உதறவில்லை. "கழட்டலாம் தம்பி. மறுபடி வழுக்கும். ஏத்தத்துல வண்டி பின்னால போனா நீங்களும் தொரையும் பள்ளத்துல கிடப்பீங்க. என்னால ஏலாது."

எனக்கு உங்கள்மேல் வருத்தமாகத்தான் இருந்தது. நீங்களோ கீழே குந்தி, என் முழங்காலையும் பெடலையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். என் காலை அப்படி நேராக யாரும் பார்த்ததில்லை. பார்ப்பவர்கள் ஒன்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், இல்லை 'ஐயோ பாவம்' என்பார்கள். நீங்கள் ஒரு கயிற்றை எடுத்து என் தொடை முதல் பாதம் வரை பிடித்து அளந்தீர்கள்.

"எவ்வளவு ஏலும்? ஏலுற மட்டும் மிதிங்க. அங்கேயே நிறுத்துங்க."

மறுநாள் பெடல் தண்டைக் கொல்லனிடம் கொண்டுபோய் ஒரு சாண் நீட்டி அடித்து வந்தீர்கள். தண்டு நீண்டால் மிதிக்கும் பாரம் குறையும் என்றீர்கள். உண்மைதான், பெடல் லேசானது. ஆனால் அது போகும் தூரம் கூடிவிட்டது, என் கால் கடைசி வரை எட்டவில்லை. நான் மனம் விட்டுப்போய்ப் பட்டறை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து, சீட்டின் முதுகுப் பக்கம் செருகி, என்னை முன்னால் தள்ளி உட்கார வைத்தீர்கள். தரைப் பலகையில் பெடல் நுழையும் துளையையும் அரத்தால் நீட்டினீர்கள். இந்த முறை பெடல் அடிவரை இறங்கியது. கால் நடுங்கியது, ஆனாலும் நின்றது.

நீளப் பெடலையும் முதுகுப் பலகையையும் கண்டு துரை முகம் சுளித்தார். தன் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும் என்றார்.

"தொரை ஓட்டுறப்ப பலகையைக் கழட்டி வைங்க. தம்பி ஓட்டுறப்ப மாட்டிக்கலாம்" என்றீர்கள், சாதாரணமாக.

துரை குனிந்து பெடலை ஒரு முறை பார்த்தார். என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து தோட்டத்துக்கு விடச் சொன்னார். நமுனுகுலப் பாதையில் மிகச் செங்குத்தான வளைவு வந்ததும் "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். "எடு" என்றார். பெடலை மிதித்து, கியர் போட்டு, காலை மெல்ல மெல்ல விட்டேன். கார் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. அதிராமல், கத்தாமல் ஏறியது. என் சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்துவிட்டது.

பங்களா வாசலில் இறங்கிய துரை திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நாளைக்குக் காலையில வண்டி எடுத்துட்டு வா."

என் வேலை நிலைத்தது அப்படித்தான். அந்த மாசியில் கல்யாணம் நடந்தது. நீங்கள் வந்து, மாப்பிள்ளை வீட்டார் பக்கம் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போனீர்கள். நன்றி சொல்ல வந்த என்னிடம், ஏற்றத்தில் கியர் மாற்றும்போது சத்தம் வருகிறதா என்று மட்டும் கேட்டீர்கள்.

பிறகு அந்த விஷக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. செய்தி கேட்டு நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. பள்ளிவாசல் மதிலோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

போன வாரம் என் மகன் சிலேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, எழுத்து வரமாட்டேன் என்கிறது என்று அழுதான். அவன் அம்மா சமாதானம் சொல்ல ஓடினாள். நான் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எந்த எழுத்து வரை வருகிறது என்று கேட்டேன். 'ஈ' வரைக்கும் வருமாம். அங்கிருந்து ஆரம்பித்தோம்.