மெட்டியை உருக்க வேண்டாம்

அம்மாவுக்கு நமஸ்காரம். முழங்கால் வலி தேவலையா? குழந்தை சாஹித்யா முழிச்சுக்காம தூங்கறாளா?

லேப்ல நேத்து ஒரு கூத்து. அலுமினியம் 660 டிகிரியில உருகிடும். நான் செம்புன்னு நெனச்சு ஃபர்னஸை 1085க்கு மேல ஏத்திட்டேன். "ஏன் பாய், அலுமினியத்துல ரசம் வெக்கறியா?"ன்னு கூட வேலை செய்யற சாய்குமார் சிரிச்சுண்டே ஃபர்னஸை அணைச்சான். யாருக்கும் ஒண்ணும் ஆகலை, பயப்படாதே.

என் வேதா கண்ணை மூடின அன்னிக்கு ஆஸ்பத்திரியில நர்ஸ் அவ கால்லேர்ந்து கழட்டிக் கொடுத்தாளே, அந்த மெட்டியை உருக்கிக் குழந்தைக்குக் கொலுசு பண்ணப்போறதா சொன்னியே. வெள்ளி 961ல உருகிடும்மா. அவ நடந்து நடந்து அடியில தேஞ்ச தடம் அதோட போயிடும். ஆசாரிகிட்ட கொடுத்துடாதே. கொலுசுக்கு வேற வெள்ளி வாங்கித் தரேன். போன்ல இதைச் சொல்ல வாய் வரலை. இது கிடைச்சதும் மெட்டியை ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பு.

பட்டான்செரு போற ஷேர் ஆட்டோ வந்துடுத்து. போனைக் கையிலேயே வெச்சிண்டிருப்பேன்.

வெங்கட்