வேங்கைமுத்துவின் தொடைப் புண்

மார்ச் 3, வெள்ளி

காலையிலேயே வெயில் கொதிக்கிறது. குழாயில் தண்ணீர் இல்லை. எலெக்‌ஷன் முடிந்தும் சுவரெல்லாம் போஸ்டர், பசை நாற்றம்.

எங்கள் நாடகக் கொட்டகையில் புது நாடகம் படித்தார்கள். எழுதியவர் சண்முகம் சார், காலேஜில் தமிழ் வாத்தியார். ஒல்லி. வேங்கைமுத்து கதை. காளையார்கோவில் பக்கம் வெள்ளைக் கும்பினிக்காரனோடு சண்டை போட்டவன். சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டதுதான்: தலை போன பிறகும் முண்டம் நின்று வாள் வீசியது, பெண்டாட்டி தீயில் குதித்தாள். இருவருக்கும் கல் நட்டுக் கெடா வெட்டுகிறார்கள்.

சார் எழுதியது வேறு. தொடையில் குண்டு பாய்ந்து உடைமரக் காட்டுக்குள் ஒளிந்து கிடக்கிறான். புண் அழுகுகிறது. படுத்த இடத்திலேயே எல்லாம். பெண்டாட்டி ஒளித்து ஒளித்துக் கஞ்சி கொண்டுபோகிறாள், புழு எடுக்கிறாள். அவன் அழுகிறான், அவளையே திட்டுகிறான், சரணடைந்துவிடலாமா என்று கேட்கிறான். காய்ச்சலில் போய்விடுகிறான். ஆள் அடையாளம் தெரியக் கூடாது என்று கூட்டாளிகள் பிணத்தின் தலையை வெட்டி எடுத்துப் போகிறார்கள். அவள் ஆடு மேய்த்துப் பிழைக்கிறாள். அவ்வளவுதான்.

பெண்டாட்டி வேஷம் எனக்கு. அழுகிற ராணியும் சிரிக்கிற தோழியுமாக ஆடிச் சலித்தவளுக்கு இப்படி ஒரு வேஷம்.

துரைராசு, எங்கள் ராஜபார்ட், முதலாளியின் மைத்துனர் (இனி து.ரா.), சொன்னது: “என் கால்ல புழுவா? விளையாடுறீகளா சார்?” சொல்லிவிட்டு வெற்றிலை எச்சிலைத் துப்பினார். என் செருப்பில்.

மார்ச் 6, திங்கள்

ஒத்திகை. புண்ணுக்கு வெல்லப்பாகும் குங்குமமும். புழுவுக்கு உதிர்த்த இடியாப்பம். கொட்டகையில் இருந்த ஈ முழுக்க வந்துவிட்டது.

து.ரா. காலை மடியில் வைத்துக்கொண்டு வசனம் பேச வேண்டும். வேர்வை, பழைய சாராயம், பாகு, எல்லாம் கலந்த வாடை. கண்ணை மூடிக் கிடப்பவரின் கை சும்மா கிடக்கவில்லை. என் இடுப்பில் ஊர்ந்தது. காலைத் தொப்பென்று கீழே போட்டேன். நிஜமாகவே அலறினார்.

சார்: “அருமை. இதை அப்படியே வச்சுக்கலாம்.”

ஒன்றும் தெரியாத மனிதர்.

மார்ச் 9, வியாழன்

விழாக் கமிட்டித் தலைவர் ஒத்திகை பார்க்க வந்தார். வேங்கைமுத்து வம்சம் என்று சொல்லிக்கொள்கிறவர். வேங்கைமுத்துவின் ஊர்த் திருவிழாவுக்குத்தான் இந்த நாடகமே. அதற்கு முன்னால் தேவகோட்டையில் ஒன்று. பல் குத்திக்கொண்டே பார்த்தார். புண் வந்ததும் எழுந்துவிட்டார்.

“சாமிக்குக் காலு அழுகுமா சார்? நீங்களே சொல்லுங்க.”

“அவரும் மனுஷன்தானே...”

“மனுஷனுக்கா நாங்க கெடா வெட்டுறோம்? எங்க ஆத்தா ஆடு மேய்ச்சான்னு எழுதியிருக்கீக. அது தீயில குதிச்ச தெய்வம். குதிக்கணும். இல்லேன்னா வேற கம்பெனி பாத்துக்கிறோம்.”

கூட வந்தவன் சாரின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினான். பொத்தான் தெறித்தது. முதலாளி சிரித்துக்கொண்டே காபி வாங்கி வரச் சொன்னார். கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் நின்றோம். ஒருத்தரும் நகரவில்லை. நானும்தான்.

சார் குனிந்து பொத்தானைத் தேடினார்.

சாயங்காலத்துக்குள் புதுக் கடைசிக் காட்சி எழுதிக் கொடுத்துவிட்டார். புண் போச்சு. கஞ்சி போச்சு. து.ரா.வுக்கு வாள்வீச்சு. எனக்கு நாலு பக்கம் கற்பு, பிறகு தீ.

மார்ச் 11, சனி

தேவகோட்டை. மத்தியானம் ஹாஸ்டலில் செல்வியைப் பார்த்தேன். மகள் இளைத்திருக்கிறாள். தினம் மக்காச்சோள உப்புமாவாம்.

“என்ன வேஷம்மா?”

“தீயில குதிக்கிறவ.”

“எதுக்குக் குதிக்கிறே?”

பொரிகடலை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

தீ என்பது சிவப்புத் தாள் சுற்றிய பெட்ரோமாக்ஸும் சாம்பிராணிப் புகையும். பலகையில் ஏறிப் பின்பக்கம் வைக்கோல் மெத்தையில் விழ வேண்டும். மெத்தையில் பூனை மூத்திரம். முகம் குப்புற விழுந்தேன். வெளியே குலவைச் சத்தம். அந்த நாற்றத்துக்குள் கிடந்து கேட்டேன்.

முடிந்ததும் பெண்கள் பின்னால் வந்து காலில் விழுந்தார்கள். ஒருத்தி கைப்பிள்ளையை நீட்டி, “பூசி விடு ஆத்தா” என்றாள். அரிதாரம் ஒட்டிய கையால் திருநீறு பூசினேன். பிள்ளை நெற்றியெல்லாம் சிவப்பு. வீட்டுக்குப் போய்க் கழுவு என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம் சண்முகம் சார். புதுச் சட்டை. “நல்லா வந்துச்சும்மா. இதுவும் ஒரு வகையில சரிதான்.” கோயில் வரலாறு எழுதித் தரச் சொல்லிக் கமிட்டி இவரிடமே கேட்டிருக்கிறதாம். தலைவரைப் பார்த்தபோதுகூட இப்படிக் குமட்டவில்லை.

மார்ச் 12, ஞாயிறு

காரைக்குடி. இருமல். முழங்கையில் சிராய்ப்பு. சேலையை இரண்டு தரம் அலசியும் வாடை போகவில்லை. வாங்க: கொண்டை ஊசி, தே.எண்ணெய், செல்விக்குப் பாவாடைத் துணி.

பழைய காட்சி வாயிலேயே நிற்கிறது. அடுப்படியில் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்கார ஆச்சி எட்டிப் பார்த்தார்கள்.

“யாருக்கு உடம்பு சரியில்ல, ரத்தினம்?”

“வீட்டுக்காரருக்கு ஆச்சி.”

“அவன்தான் ஓடிப்போயிட்டானே.”

“இது நாடகத்தில.”

“அதான பாத்தேன்,” என்று போய்விட்டார்கள்.

மார்ச் 14, செவ்வாய்

வேங்கைமுத்து ஊர். காலையில் கெடா வெட்டு. கல்லைச் சுற்றி ரத்தச் சேறு. நடிக்கிறவர்கள் வெறுங்காலோடு போய்க் கும்பிட வேண்டுமாம். விரலிடுக்கில் பிசுபிசுத்தது. தலையில்லாத ஆட்டின் கால் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது. “பாத்தியா, இப்படித்தான் எங்க சாமியும்” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னார்.

மார்ச் 15, புதன். பஸ்ஸில்

கையெழுத்து ஆடுகிறது. நேற்று நடந்தது.

கடைசிக் காட்சி. து.ரா. தலையில் கறுப்புத் துணி போட்டு முண்டமாக நின்று வாளைச் சுழற்றி, நாலு பேரைச் சாய்த்துவிட்டு விழுந்தார். விசில். நான் தீப்பக்கம் நடக்க வேண்டும். நடக்கவில்லை. நினைத்து வைத்துச் செய்யவில்லை. கால் போகவில்லை, உட்கார்ந்துவிட்டேன்.

கறுப்புத் துணியை உருவினேன். தலை வந்துவிட்டது. ஒட்டு மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. அவர் காலைத் தூக்கி மடியில் வைத்தேன். புண் எதுவும் வரையவில்லை. வெறும் தொடை, மயிர், வேர்வை. இல்லாத புழுவை எடுத்து எடுத்துத் தரையில் போட்டேன்.

பல்லிடுக்கில் சொன்னார்: “என்னடி செய்றே. போய்க் குதி.”

எழுந்திருக்க முடியாது. செத்த வேங்கைமுத்துவாயிற்றே.

பழைய வசனத்தைச் சொன்னேன். “ஆட்டாதே. இன்னும் கொஞ்சந்தான். நேத்தைக்கு இன்னைக்கு வாடை குறைஞ்சிருக்கு. கஞ்சியக் குடிச்சிட்டு அழு.”

ஒரு செருப்பு வந்து விழுந்தது. தலைவர் முன் வரிசையில் எழுந்து நின்று கையை ஓங்கினார். அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல்: “அங்குட்டு உக்காருங்க, மறைக்குது. அது புண்ணு பாக்குதுல்ல.” இன்னும் நாலைந்து பேர் “உக்காருங்க, உக்காருங்க” என்றார்கள். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்.

அதே குரல் மறுபடி: “தண்ணி குடு ஆத்தா. உதடு காஞ்சு கெடக்கு.”

வெறுங்கையைக் குவித்து து.ரா. வாயருகே கொண்டுபோனேன். துப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தார். விழுங்கினார். “எரியுதுடி,” என்றார். அது சார் எழுதிய பழைய வசனம். மறந்திருப்பார் என்று நினைத்திருந்தேன்.

படுதா விழுந்தது. குலவை இல்லை, கைதட்டு இல்லை. பின்னால் வந்து யாரும் காலில் விழவில்லை. அதுவே பெரிய நிம்மதி. சார் பாதியிலேயே போய்விட்டாராம். தலைவர் எங்களுக்குப் போர்த்தக் கொண்டுவந்த சால்வையைப் பிரிக்காமலே எடுத்துப் போனார். முதலாளி என்னிடம், “பெட்டியக் கட்டு. ராசு ஒரு வார்த்தை சொல்லட்டும், உனக்கு இங்க வேலை இல்ல,” என்றார்.

காலையில் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றேன். செல்வியை ஹாஸ்டலில் எப்படி வைப்பது என்று யோசனை. து.ரா. வந்தார். வாயில் வேப்பங்குச்சி, காது மடலில் கழுவாத அரிதாரம். காறித் துப்பினார்.

“அடுத்த ஆட்டம் பிள்ளையார்பட்டி. அங்கயும் இதேதான் செய்வியா?”

“செய்வேன்.”

“மச்சான்கிட்ட நான் பேசிக்கிறேன்.” இன்னொரு தரம் துப்பினார். “நகத்த வெட்டிட்டு வா. தொடையெல்லாம் கீறி வச்சிருக்கே.”

“கையச் சும்மா வச்சிருந்தா வெட்டுறேன்.”

தலையை ஆட்டிய மாதிரி இருந்தது. பஸ் கிளம்பிவிட்டது. சரியாகத் தெரியவில்லை.