கழுத்தில் போட்ட ஊதாக் கோடு

மதினி,

இன்று காலையில் தொழுவத்தில் நம் செவலைப் பசுவின் கழுத்துப் புண்ணுக்கு மாட்டு டாக்டர் ஊதா மருந்து தடவினார். புண்ணைச் சுற்றிக் கட்டம் கட்டியதுபோல் தடவிவிட்டு, "ரெண்டு நாளைக்குக் குளுப்பாட்டிராதீக" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ. "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும், நீங்க உங்க வேலையப் பாருங்க" என்று எரிந்து விழுந்துவிட்டேன். பாவம், அந்த மனுஷன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். "வைத்தியம் பாக்க வந்தவுககிட்ட எதுக்கு இந்தக் கத்து கத்துறீக?" என்று என் பெண்டாட்டி முறைத்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் தொண்டையில் வந்ததற்கு மதுரை டாக்டர் சொன்ன பெயரை நம் வீட்டில் ஒருவரும் வாயால் சொல்லவில்லை. கட்டி என்றார்கள். அதையும் உங்கள் காதுக்கு எட்டாமல் சொன்னார்கள். அண்ணனுக்குக் கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம்; கடையை விட்டு நகர முடியாது. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் சும்மா இருந்தவன் நான்தான். "அங்கன போயி மதினிக்குத் துணையா இருலே" என்று என்னை உங்களோடு பஸ் ஏற்றிவிட்டார். மதுரையில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு வாரம் முழுக்க ஆஸ்பத்திரிக்குப் போய்க் கதிர்வீச்சு, நம் பேச்சில் கரண்டு, வைத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை நம் ஊர் காமயகவுண்டன்பட்டிக்குத் திரும்பலாம். முதல் நாளே உங்கள் கழுத்தில் ஊதா மையால் கட்டம் போட்டார்கள். அதற்குள்தான் கரண்டு வைப்பார்களாம். தண்ணீர் படக்கூடாது, கோடு அழியக்கூடாது என்று டாக்டர் நம் இரண்டு பேரிடமும் சொன்னார்.

அன்று சாயங்காலம் நீங்கள் கடைத்தெருவில் கோடு போடாத நோட்டு ஒன்றும் பென்சிலும் வாங்கினீர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உங்கள் கையில் பென்சிலை நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் முறைக்குக் காத்திருக்கும்போதே வரைவீர்கள். எதிரே இருந்தவர்களின் முழங்கால்கள், மனைவிக்குக் கஞ்சி ஊட்டும் பெரியவர், கூரையில் தொங்கிய மின்விசிறி. ஒவ்வொரு நாளும் பக்கத்தின் ஓரத்தில் ஒரு இட்லி வரைந்து, அன்றைக்குத் தொண்டையில் இறங்கிய அளவுக்கு மட்டும் அதைக் கறுப்பாக்குவீர்கள். பெரும்பாலும் கால் இட்லி. "முழு இட்லிய வரையிற அன்னைக்கு உங்களுக்கு விருந்து வைக்கிறேன், கொழுந்தனாரே" என்பீர்கள். குரல் காற்றாகத்தான் வரும். ஆனாலும் கேலிக்குக் குறைச்சல் இல்லை.

முதல் சனிக்கிழமை ஊருக்கு வந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த உடம்போடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஆத்தா உங்களைக் கொல்லைப்புறமாகக் கூட்டிப்போய்விட்டது. நான் தெருவில் நின்று யாரோ நலம் விசாரித்தவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே போனபோது நீங்கள் ஈரத் தலையோடு கழுத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். "என்னமோ மை அப்பிக்கெடந்துச்சுடா. பீர்க்கங்காய் நார வச்சுத் தேச்சேன், அம்புட்டும் போயிருச்சு" என்று ஆத்தா பெருமையாகச் சொன்னது. நீங்கள் கையால் எத்தனை தடுத்தும், மருமகள் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டதாம். ஆத்தாவிடம் கத்தி என்ன பிரயோசனம்? மருமகளைச் சுத்தமாக்கிக் கொடுத்த திருப்தி அதற்கு.

திங்கட்கிழமை மிஷின்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பெரிய டாக்டர் வந்து மறுபடியும் அளந்து கோடு போடும் வரைக்கும் கரண்டு இல்லை. அந்த வாரத்தில் பாதி வீணாகப் போனது. அன்றிலிருந்து நீங்கள் தினமும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உங்கள் கழுத்தையே வரைய ஆரம்பித்தீர்கள். கோடு நேற்றைக்கு இருந்த இடத்தில் இன்றைக்கும் இருக்கிறதா என்று சரிபார்க்க அது வசதியாக இருந்தது.

வினை அதிலிருந்துதான் வந்தது. நாளாக ஆக, கட்டத்துக்குள் தோல் கறுத்து உரிந்தது. இப்படித்தான் ஆகும், பிறகு ஆறிவிடும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். நீங்களும் இருந்ததை இருந்தபடி வரைந்தீர்கள். ஒரு சனிக்கிழமை அண்ணன் அந்த நோட்டைப் புரட்டிவிட்டார். பக்கத்துக்குப் பக்கம் கழுத்து கறுத்துக்கொண்டே போவதைப் பார்த்து முதல் பக்கத்துக்குப் போய் மறுபடியும் புரட்டினார். அதுவரை உங்கள் கழுத்தை அவர் நேராகப் பார்த்ததே இல்லை. நீங்களும் சேலையால் மூடிக்கொண்டே இருந்தீர்கள்.

"ஏலே, உசுரோட இருக்கவள இப்படிக் கருக்கிப்புட்டாகளே. நீ அங்கன வேடிக்கையா பாத்துக்கிட்டு இருந்த?" என்று என்மேல் பாய்ந்தார். டாக்டர் சொன்னதை நான் சொல்லச் சொல்ல அவர் காதில் வாங்கவில்லை. உத்தமபாளையத்தில் யாரோ எண்ணெய் கொடுக்கிறாராம், இனிமேல் மதுரைக்குப் போக வேண்டாம் என்று முடிவே கட்டிவிட்டார். "இந்தப் படத்த வரைய ஆரம்பிச்சதுலருந்துதான் இம்புட்டும்" என்று ஆத்தா அதற்கு மேல்.

நீங்கள் எழுந்து அண்ணன் எதிரே வந்து நின்றீர்கள். "எனக்குக் கேன்சருன்னு எனக்குத் தெரியும்" என்றீர்கள். அந்த வீட்டில் அந்தச் சொல்லை முதலில் சொன்னது நீங்கள்தான். "படத்தப் பாத்துத்தான நீங்க பயப்படுறீக. நோட்ட நீங்களே வச்சுக்கங்க. இனி வரையல. என்னைய மதுரைக்கு விடுங்க."

அண்ணன் நோட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். திங்கட்கிழமை நாம் பஸ் ஏறினோம்.

வைத்தியம் உங்கள் உரிமை. அதற்கு எதற்கு மதினி விலை? மதுரையில் வேறு நோட்டு வாங்கித் தருகிறேன், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். "அவுக பயந்தவுக. தெரிஞ்சா மறுபடி நிப்பாட்டிருவாக" என்று மறுத்துவிட்டீர்கள். அண்ணன்மேல் வந்த கோபத்தில் பாதி அன்றைக்கு உங்கள்மேலும் வந்தது.

பிறகு என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். கரண்டு வைத்துவிட்டு வந்து சித்தி வீட்டில் கண்ணை மூடிப் படுத்தபடி விசாரணை நடக்கும். "பெஞ்சுல பக்கத்துல இருந்தாரே, அவரு செருப்பு எந்தக் கால்ல பிஞ்சிருந்துச்சு?" நான் கவனிக்கவில்லை என்பேன். "கண்ணு எதுக்கு இருக்கு, கொழுந்தனாரே? நாளைக்குப் பாத்து வந்து சொல்லுங்க." ஆண்டிப்பட்டிக் கணவாயில் பஸ் திரும்பும்போது, மலை என்ன நிறம் என்று கேட்பீர்கள். மலை நிறம் என்பேன். கையில் கிள்ளு விழும். அந்தக் கிள்ளுக்குப் பயந்தே பார்க்கக் கற்றேன். யாருடைய சேலையில் எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது, எந்த நர்ஸ் சிரிக்கும்போது வாயைப் பொத்துகிறார் என்று எல்லாவற்றையும் பார்த்துவந்து ஒப்பிப்பேன்.

வைத்தியம் முடிந்தது. டாக்டர் சொன்னபடியே தோல் ஆறியது. குரல் கரகரப்பாகத் திரும்பி வந்தது. ஒரு காலையில் முழு இட்லி இறங்கியது. நீங்கள் அண்ணனிடம் போய் நோட்டைக் கேட்டீர்கள். "முடிஞ்சத எதுக்கு நோண்டுற?" என்றார் அவர். நான் புது நோட்டு வாங்கிவந்தேன். நீங்கள் அதைத் தொடவில்லை. "அதுல இன்னும் பக்கம் மிச்சம் இருக்கு தம்பி. அதத்தான் முடிக்கணும்" என்றீர்கள். நல்லபடியாக இருந்த அந்தச் சில வருஷங்களில் எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. அண்ணன் கெட்டவர் இல்லை. உங்களுக்குத் திராட்சை பிடிக்கும் என்று கூடை கூடையாகக் கொண்டுவந்து இறக்குவார். கேட்டதை மட்டும் கொடுக்கமாட்டார்.

நோய் திரும்பி நெஞ்சுக்குள் வந்தது. இந்த முறை மதுரையில் கைவிரித்துவிட்டார்கள்.

சுருளி ஆற்றில் உங்கள் அஸ்தியைக் கரைத்த அன்று அண்ணன் மஞ்சப்பையிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "அவளுக்கு ரொம்பப் பிரியமான பொருள்லே. அவ கூடவே போகட்டும்" என்று தேம்பிக்கொண்டே தண்ணீரில் விட்டார். "பிரியமானதுன்னு தெரிஞ்சா அவுக கேட்டப்பவே குடுத்திருக்கலாம்ல?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். நோட்டு பாறையில் ஒருமுறை தட்டி நின்று, பிறகு போய்விட்டது. அழுகிற ஆளை அதற்குமேல் என்ன கேட்பது? அந்தக் கேள்வி இன்னும் எங்கள் நடுவில் கிடக்கிறது. அவர் சாப்பிட வரும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் நான் சோறு போடுகிறேன்.

கடைசி நாட்களில் நீங்கள் தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் தினமும் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து உங்கள் கட்டிலோரம் நிற்பேன். சுமை இறக்குகிறவர் பீடியைக் காதில் செருகியிருந்த விதம், மழைக்கு முந்தி மேகமலை கறுத்திருந்த கறுப்பு, எல்லாம் தயாராக இருந்தது. நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள், மூடினீர்கள். ஒன்றும் கேட்கவில்லை.

பழக்கம் விடவில்லை. நேற்றுச் சந்தையில் தக்காளி விற்ற ஒருத்தி ஒரு காதில் மட்டும் தோடு போட்டிருந்தாள். வீரபாண்டி ஆற்றில் ஒரு கிழவர் தன் வேட்டியைத் துவைப்பதற்கு முன்னால் கல்லைத் துவைத்தார். கேட்க ஆள் இல்லாமல் இத்தனையையும் பார்த்துக்கொண்டே இருப்பது எவ்வளவு எரிச்சல் தெரியுமா, மதினி?